எடை மேடைக்கு வாங்கிய மடிக்கணினி: காவேரிப்பட்டணம் அருகே ஒரு நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, காவேரிப்பட்டணத்துக்கு அருகில், தனியார் எடை மேடை ஒன்று இயங்கி வருகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் எம்-சாண்ட், கிரானைட், தேங்காய் என்று பலவகைச் சரக்குகள் அங்கு எடை போடப்பட்டாலும், ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மாங்காய் லாரிகளே வரிசை கட்டி நிற்கும். மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரகம் அப்போதுதான் முழு வீச்சில் இறங்கும். லோடு எடையும் காலி எடையும் பதிவாகி, நிகர எடை அச்சிட்ட சீட்டு கையில் கிடைத்த பிறகுதான் விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் கணக்கு முடியும் என்பதால், அந்தச் சிறிய அறையில் இருக்கும் கணினி ஒரு மணி நேரம் நின்றாலும் அது பலருடைய பணத்தையும், வெயிலில் நிற்கும் காயின் தரத்தையும் பாதிக்கும்.

2025 மே மாதக் கடைசியில் பெய்த கோடை மழையின்போது விழுந்த இடியில் அங்கிருந்த பழைய மேசைக்கணினி எரிந்துபோனது. கிருஷ்ணகிரியில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். மதர்போர்டு தேறாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளே உரிமையாளர் நகரத்தில் ஒரு கடைக்குப் போய் 41,500 ரூபாய்க்குப் புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கிவந்துவிட்டார். மின்தடை வந்தாலும் பேட்டரியில் ஓடும், இடத்தை அடைக்காது, இடி இடித்தால் மூடி எடுத்து வைத்துவிடலாம் என்ற அவருடைய காரணங்கள் மூன்றும் நியாயமானவை. வாங்குவதற்கு முன் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் எல்லாவற்றையும் யோசித்துச் சொல்லியிருப்பேன் என்று உறுதியாகக் கூற முடியாது. இந்த ஆய்வை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய கணினியின் பின்புறம்

எரிந்த கணினியை நான் கழற்றி எடுத்தபோது அதன் பின்புறத்தில் ஏழு கம்பிகள் செருகியிருந்தன. எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து வந்த கம்பி ஒன்பது ஊசி சீரியல் சாக்கெட்டில் இருந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் தடித்த கம்பி 25 துளைகள் கொண்ட பேரலல் சாக்கெட்டில் திருகு போட்டு முறுக்கப்பட்டிருந்தது. மானிட்டர் விஜிஏ கம்பியிலும், லாரியின் எண் பலகையைப் படம் பிடிக்கும் கேமரா லேன் கம்பியிலும் இணைந்திருந்தன. எடை மென்பொருளின் உரிமத்துக்கான லாக் (அது செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும்), விசைப்பலகை, மவுஸ் ஆகிய மூன்றும் யூஎஸ்பியில் இருந்தன.

புதிய மடிக்கணினியில் இருந்தவை பழைய வடிவ யூஎஸ்பி சாக்கெட் இரண்டு, டைப்-சி ஒன்று, ஹெச்டிஎம்ஐ ஒன்று, ஹெட்போன் துளை ஒன்று ஆகியவை மட்டுமே. திரையும் விசைப்பலகையும் உடம்போடு சேர்ந்தே வருவதால் மானிட்டர் கம்பிக்கு வேலை இல்லாமல் போனது உண்மை. ஆனால் சீரியலும் பேரலலும் லேனும் இல்லை. 14 அங்குல அளவு என்பதால் வலது ஓரத்தில் இருக்க வேண்டிய எண் விசைகளும் இல்லை.

இந்தக் கடைசிக் குறையை உரிமையாளர் சிறிதாக நினைத்தார். அங்கே பதிவு செய்யும் பெண் ஊழியருக்கு அது சிறிதல்ல. அவர் இடது கையில் சீட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமலேயே வலது கையால் எண்களை அடிக்கப் பழகியவர். டிஎன் 24, டிஎன் 29, கேஏ என்று மாறி மாறி வரும் வண்டி எண்களை மேல் வரிசை விசைகளில் தேடித் தேடி அடித்தபோது, ஒரு வண்டிக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் நாளிலேயே இரண்டு சீட்டுகளில் வண்டி எண் தவறாக விழுந்தது.

எடை ஏன் வரவில்லை

சீரியல் சாக்கெட் இல்லை என்று தெரிந்ததும், நகரத்தில் கிடைத்த யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கிச் செருகினோம். இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸ் 11-இன் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தோன்றியது; அந்தச் சிப்பின் உற்பத்தி 2012-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, விற்றவரை அணுகவும் என்ற பொருளில் ஒரு செய்தியும் அதன் பக்கத்தில் வந்தது. இந்தச் செய்தி வரும் விதம் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 வகைச் சிப்புகளுக்குச் சந்தையில் போலிகள் பெருகியதால், அந்த நிறுவனம் தன்னுடைய புதிய டிரைவரில் (சிப்பைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) பழைய ரகச் சிப்புகளையும் அவற்றைப் போல நடிக்கும் போலிகளையும் ஏற்க மறுக்கும்படி செய்துவிட்டது. எஃப்டிடிஐ என்ற இன்னொரு சிப் நிறுவனம் 2014-இல் ஒரு படி மேலே போய், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த டிரைவரைக் கொண்டு போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே அழித்து அவற்றைச் செயலிழக்கச் செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. சிப் நிறுவனங்களுக்கும் போலி தயாரிப்பவர்களுக்கும் இடையே நடக்கும் இந்தப் போராட்டத்தைப் பற்றி 350 ரூபாய் கன்வெர்ட்டரின் உறையில் ஒரு சொல்லும் இருக்காது.

பழைய டிரைவர் ஒன்றைத் தேடி எடுத்து நிறுவியதும் கன்வெர்ட்டர் உயிர் பெற்றது. ஆனாலும் எடை வரவில்லை. சீரியல் இணைப்புகளுக்கு விண்டோஸ் தரும் வரிசை எண்ணில் அதற்கு காம் 7 கிடைத்திருந்தது. எடை மென்பொருளின் அமைப்புப் பக்கத்திலோ காம் 1 முதல் காம் 4 வரை மட்டுமே தேர்வு செய்ய இடம் இருந்தது. டிவைஸ் மேனேஜரில் அந்த எண்ணை காம் 2 என்று மாற்றி, இண்டிகேட்டர் தரவு அனுப்பும் வேகத்தையும் மென்பொருள் அதைப் படிக்கும் வேகத்தையும் ஒன்றாக்கிய பிறகு, இரவு எட்டு மணியளவில் முதல் எடை திரையில் விழுந்தது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. “அண்ணா, எடை வரலைங்க. இண்டிகேட்டர்ல காட்டுது, கம்ப்யூட்டர்ல பூஜ்யமாவே இருக்குதுங்க” என்றார் அந்தப் பெண். நான் போய்ச் சேர்ந்தபோது சாலையோரத்தில் பதினொரு லாரிகள் நின்றிருந்தன. இரவில் விண்டோஸ் தானாகவே அப்டேட் செய்துகொண்டு, நான் போட்டிருந்த பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருந்தது. அதே மஞ்சள் முக்கோணம் மீண்டும் நின்றது.

முத்திரை இடப்பட்ட அளவுக் கருவி இண்டிகேட்டர்தான், கணினி அதைப் படித்து அச்சிடும் வேலையை மட்டுமே செய்கிறது. ஆகவே இண்டிகேட்டர் காட்டும் எடையைப் பார்த்துச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுப்பதில் தவறில்லை என்று நான் சொன்ன பிறகே வரிசை நகர்ந்தது. ஆனாலும் கையெழுத்துச் சீட்டை வாங்க இரண்டு ஓட்டுநர்கள் மறுத்து, வேறு மேடைக்குப் போய்விட்டார்கள். ஆலையின் வாசலில் கையெழுத்துச் சீட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்ற அவர்களுடைய அச்சம் புரிந்துகொள்ளத் தக்கதே.

டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் தொடாமல் தடுப்பதற்கு குரூப் பாலிசி என்ற கருவியில் தெளிவான வழி இருக்கிறது. அதைத் திறக்கப் போனபோதுதான் இன்னொரு குறை தெரியவந்தது. அந்தக் கருவி விண்டோஸின் புரோ போன்ற உயர் பதிப்புகளில் மட்டுமே உண்டு. இந்த மடிக்கணினியில் வந்தது ஹோம் பதிப்பு. கடைக்காரர் பில்லில் எழுதியது ‘விண்டோஸ் 11’ என்று மட்டும்தான். கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய துளைகள் இல்லாமல் போவதைவிட, இப்படி உள்ளே இல்லாமல் போகும் வசதிகளே பின்னால் அதிகத் தொல்லை தருகின்றன என்பது என் அனுபவம்.

போலிச் சிப்போடு மல்லுக்கட்டுவதை அன்றோடு நிறுத்திவிட முடிவு செய்தோம். நல்ல சிப் உள்ள கன்வெர்ட்டர் கிருஷ்ணகிரியில் அன்று கிடைக்கவில்லை. உரிமையாளரின் தம்பி காலை பேருந்தில் ஏறி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருவில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய், 1,900 ரூபாய்க்கு ஐசொலேட்டட் வகை கன்வெர்ட்டரை வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பினார். அந்த வகையைத்தான் வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம் பழைய கணினி செத்த விதம். மேடையின் அடியில் எடையை உணரும் லோடு செல்களிலிருந்து இண்டிகேட்டருக்கும், அங்கிருந்து சீரியல் கம்பி வழியாகக் கணினிக்கும் ஒரே மின்பாதை தொடர்ந்திருந்ததால், இடியின் அதிர்வு அந்த வழியாகவே மதர்போர்டில் இறங்கியிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஐசொலேட்டட் கன்வெர்ட்டரில் இரண்டு பக்கங்களுக்கும் இடையே நேரடி மின் தொடர்பு இராது. செய்தி மட்டும் கடந்து போகும். நேரடி இடியை அது தாங்கும் என்று சொல்ல முடியாது என்றாலும், கம்பியில் தூண்டப்படும் சிறிய அதிர்வுகளிலிருந்து அது கணினியைக் காக்கும்.

பிரிண்டருக்கு வந்த சிக்கல் வேறு வகையானது. 650 ரூபாய்க்கு வாங்கிய யூஎஸ்பி-பேரலல் கம்பி உடனே வேலை செய்தது. நோட்பேடிலிருந்து அச்சு வந்தது. எடை மென்பொருளிலிருந்து மட்டும் வரவில்லை. அந்த மென்பொருள் விண்டோஸின் பிரிண்டர் பட்டியலைப் பார்க்காமல், எல்பிடி 1 என்ற பழைய பேரலல் வாசலுக்கே எழுத்துகளை நேராக அனுப்பும் வகையைச் சேர்ந்தது. புதிய கம்பி உண்டாக்கியதோ வேறு பெயருள்ள ஒரு யூஎஸ்பி வாசல். பிரிண்டரை அதே கணினிக்குள் ஷேர் செய்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி 1-க்குப் போவதை அந்த ஷேருக்குத் திருப்பிவிட்டதும் சீட்டு வந்தது. கேமராவின் லேன் கம்பியை அங்கே ஏற்கெனவே இருந்த ரவுட்டரில் செருகி, மடிக்கணினியை வைஃபையில் இணைத்ததால், அதற்குத் தனிச் செலவு ஆகவில்லை.

டைப்-சி என்ற பெயருக்குள் இருப்பது

மீதமிருந்த கேள்வி, இத்தனை யூஎஸ்பி கம்பிகளை எங்கே செருகுவது என்பது. கன்வெர்ட்டரையும் மென்பொருள் லாக்கையும், ஒரு சாக்கெட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் ஹப்பில் போடாமல் கணினியிலேயே நேராகப் போட வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். இவற்றில் எது விட்டுப்போனாலும் வேலை நின்றுவிடும். இரண்டு பழைய வடிவச் சாக்கெட்டுகளும் அதோடு தீர்ந்தன. தனி மின்சாரம் பெறும் ஹப் ஒன்றை 1,650 ரூபாய்க்கு வாங்கி டைப்-சியில் இணைத்து, பிரிண்டர், மவுஸ், எண் விசைகள் கொண்ட 550 ரூபாய் விசைப்பலகை ஆகிய மூன்றையும் அதில் கொடுத்தோம். கம்பியில்லா விசைப்பலகையை வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்களைப் பாதிக்கக்கூடும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கி எழுதியிருக்கிறது. வண்டி எண்ணில் ஓர் இலக்கம் விழாமல் போகும் வாய்ப்பை அந்த மேசையில் வைக்க நான் விரும்பவில்லை.

ஹப்பை இணைக்கும்போதுதான் டைப்-சியின் உண்மை நிலை தெரிந்தது. உரிமையாளர் தன் கைபேசியின் 65 வாட் சார்ஜரை அதில் செருகிப் பார்த்தார், ஏறவில்லை. அந்தச் சாக்கெட் தரவுக்கு மட்டுமே உரியது. மின்சாரம் ஏற்றவும் முடியாது, அதன் வழியாக வெளித்திரைக்குப் படம் அனுப்பவும் முடியாது. 2014-இல் டைப்-சி அறிமுகமானதிலிருந்தே அதன் வடிவம் ஒன்று, அது செய்யும் வேலைகள் வேறு வேறு. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு துளைகளில் ஒன்று மின்னேற்றும், மற்றது ஏற்றாது. சாக்கெட்டின் பக்கத்தில் சிறிய குறியீடு அச்சிட்டிருந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இந்தக் கணினியில் எந்தக் குறியும் இல்லை.

பெட்டியில் எழுதியிருந்ததும் எழுதாததும்

பழைய சாக்கெட்டுகள் நீக்கப்பட்டதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆர்எஸ்-232 என்னும் சீரியல் தரம் 1960-ஐச் சேர்ந்தது. ஒன்பது ஊசி வடிவத்தை ஐபிஎம் தன்னுடைய ஏடி கணினியில் 1984-இல் கொண்டுவந்தது. 1987-இல் வந்த விஜிஏவை 2015-க்குள் கைவிடப்போவதாக இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை 2010 டிசம்பரிலேயே கூட்டாக அறிவித்துவிட்டன. மெலிந்த உடலில் பருத்த சாக்கெட்டுக்கு இடமில்லை என்பதும் உண்மைதான். ஆனால் நீக்கியவை எல்லாம் திரும்பாதவை அல்ல. 2016-இல் மேக்புக் புரோவிலிருந்து ஹெச்டிஎம்ஐயையும் மெமரி கார்டு துளையையும் எடுத்துவிட்ட ஆப்பிள், வாடிக்கையாளர்கள் குறை சொன்ன பிறகு 2021-இல் இரண்டையும் மீண்டும் வைத்தது. எடை மேடைகளும் சிறிய ஆலைகளும் அப்படிக் குரல் எழுப்பும் வாடிக்கையாளர்கள் அல்ல. அவர்களுக்காக எதுவும் திரும்பி வராது. அதனால்தான் வாங்கும் முன்பே தகவல் கிடைப்பது அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது.

அந்தத் தகவல் எங்கே கிடைத்திருக்க வேண்டும்? பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, ஒரு பெட்டிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரும் எண்ணிக்கையும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் மடிக்கணினி ஒன்று, அடாப்டர் ஒன்று, கம்பி ஒன்று என்று முறையாகவே அச்சிடப்பட்டிருந்தது. இல்லாததைச் சொல்ல வேண்டும் என்றோ, ஒரு சாக்கெட் எந்த வேலையைச் செய்யும் என்பதை விளக்க வேண்டும் என்றோ அந்த விதி கேட்பதில்லை. இணையத்தில் வாங்கியிருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்வதைக் காட்டிக் கேட்டிருக்கலாம். இங்கே கடையின் விளம்பரத் தாளில் ‘டைப்-சி’ என்று இருந்தது, டைப்-சியும் இருந்தது. முத்திரை பிரித்த பெட்டியை மாற்றித்தர முடியாது என்று கடை மறுத்துவிட்டது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாமா என்று உரிமையாளர் என்னைக் கேட்டார். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும், அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடலாம் என்பதைச் சொன்னேன். கூடவே ஒரு தடையையும் சொல்ல வேண்டியிருந்தது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் அந்தச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் எடை மேடை இவற்றில் எந்தப் பக்கம் சேரும் என்பதே அங்கே முதல் வாதமாகிவிடும். மாங்காய்ப் பருவத்தின் நடுவில் அந்த வாதத்துக்கு நேரமில்லை என்று அவர் விட்டுவிட்டார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் 1915-க்கு ஒரு முறையாவது பேசியிருப்பேன்.

செலவும் இப்போதைய நிலையும்

வீணான முதல் கன்வெர்ட்டரையும் சேர்த்து, துணைக்கருவிகளுக்கு 5,100 ரூபாய் ஆனது. அது கணினி விலையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பெங்களூரு போய்வந்த செலவும், வேறு மேடைக்குப் போன வண்டிகளின் கூலியும், என்னுடைய மூன்று நாள் வேலையும் இதில் சேரவில்லை. எந்த மின்தடைக்காக மடிக்கணினி வாங்கப்பட்டதோ அந்த மின்தடையின்போது கணினியும் இண்டிகேட்டரும் தத்தம் பேட்டரியில் ஓடுகின்றன. பிரிண்டரும் ரவுட்டரும் அணைந்துவிடுகின்றன. ஆகவே ஒரு சிறிய யூபிஎஸ் பிறகு தனியாக வாங்கப்பட்டது.

இதை எழுதும் வரை கன்வெர்ட்டர் ஒரு முறைகூடத் தவறவில்லை. இடது பக்கச் சாக்கெட்டின் மேல் ‘எடை’ என்றும் வலது பக்கத்தில் ‘லாக்’ என்றும் சிறு தாள் ஒட்டியிருக்கிறோம். சாக்கெட் மாறினால் சில கன்வெர்ட்டர்களுக்கு விண்டோஸ் புதிய காம் எண் கொடுத்துவிடும் என்பதே காரணம். யூஎஸ்பி சாதனங்களை விண்டோஸ் இடையில் தூங்கவைக்கும் அமைப்பையும் நிறுத்திவைத்திருக்கிறோம். இன்னொரு வாடிக்கையாளர் இப்படிக் கணினி வாங்கப் போவதாகச் சொன்னபோது, பழைய கணினியின் பின்புறத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும்படி சொன்னேன்; அவர் அப்படியே செய்து, லேன் சாக்கெட்டும் எண் விசைகளும் உள்ள 15.6 அங்குல மாடலைத் தேர்ந்தெடுத்தார்.

தீராமல் நிற்பது டைப்-சிதான். ஆகஸ்ட் மாதத்தில் எலி கடித்து அடாப்டரின் கம்பி அறுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் விற்பனைக்கு வரும் மடிக்கணினிகள் டைப்-சி வழியாக மின்னேற்றும் வசதியைப் பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; அப்படி ஒரு கணினியாக இது இருந்திருந்தால், உரிமையாளரின் சட்டைப் பையிலிருந்த கைபேசி சார்ஜரே அன்றைக்கு உதவியிருக்கும். இந்த மாடலுக்குப் பொருந்தும் உருண்டை முனை அடாப்டர் வந்துசேர நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களின் எடைச் சீட்டுகள் அனைத்தும் அந்தப் பெண்ணின் கையெழுத்தில், கார்பன் நகலோடு, மேடையின் பதிவேட்டில் இருக்கின்றன.